காமன்கூத்து இரவில் ட்ரோன் பறக்கவிட அனுமதி எடுப்பது எப்படி?

கேள்வி: நான் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். கல்யாணம், சடங்கு வீடியோ எடுப்பது தொழில். மாசியில் எங்கள் தோட்டத்தில், மன்மதன் எரிக்கப்பட்ட கதையை ஆடும் காமன்கூத்து நடக்கும். கடைசி இரவு காமதகனத்தை மேலேயிருந்து எடுத்துத் தரும்படி கோயில் கமிட்டி கேட்கிறது. என்னிடம் 249 கிராம் மினி ட்ரோன் ஒன்று இருக்கிறது. துபாயில் வேலை செய்யும் மச்சான் கொண்டுவந்தது. 250 கிராமுக்குக் குறைவு, அதனால் அனுமதியே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். இரவில் பறக்கவிடவே முடியாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: தம்பி, இரண்டு பக்கமும் சொன்னது பிழை. உங்கள் ட்ரோனுக்கு அனுமதி வேண்டும். இரவில் பறக்கவிட விசேட அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு படிகள் உள்ளன. நம் ஊர்ப் பையன்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அந்த முதல் படிகளில்தான்.

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். 250 கிராம் என்ற எல்லை அமெரிக்கா, ஐரோப்பாச் சட்டங்களில் இருப்பது. அதற்கு ஒரு கிராம் குறைத்துத்தான் கம்பனிக்காரர்கள் 249 கிராமில் ட்ரோன் செய்கிறார்கள். இலங்கையில் கோடு 200 கிராமில் கிழிக்கப்பட்டிருக்கிறது. சிவில் விமான சேவைகள் அதிகார சபை ட்ரோன்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: 25 கிலோவுக்கு மேற்பட்டவை, 1 முதல் 25 கிலோ வரை, 200 கிராம் முதல் 1 கிலோ வரை, 200 கிராமுக்குக் குறைந்தவை. கடைசி வகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். உங்கள் மினி மூன்றாவது வகை. யூடியூபில் வெளிநாட்டுக்காரர் "இதற்குப் பதிவே தேவையில்லை" என்று சொன்னால் அது அவருடைய நாட்டுக்குச் சரி. அதை நம்பி நம் ஊரில் பறக்கவிட்டால் பொலிஸில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

இரண்டாவது, அந்த துபாய் மச்சான் விஷயம். ட்ரோன் வானலையில் இயங்கும் கருவி. அதனால் நாட்டுக்குள் கொண்டுவரும்போதே தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியும், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும், சுங்கத்தின் கணக்கும் உண்டு. சூட்கேசில் உடுப்புக்கு நடுவே வந்த ட்ரோன்கள் மலையகத்தில் எத்தனை என்று யாரும் எண்ணப்போவதில்லை. ஆனால் பதிவு செய்யப் போகும்போது தொடர் இலக்கத்தையும், எங்கே வாங்கியது, எப்படி வந்தது என்பதற்கான பத்திரங்களையும் கேட்பார்கள். மச்சானிடம் பில் இருந்தால் இன்றைக்கே வட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். சுங்கப் பத்திரம் இல்லாவிட்டால், ஆணைக்குழுவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி அதை ஒழுங்காக்குவதுதான் முதல் வேலை. கூட்டாளியின் பதிவு இலக்கத்தை உங்கள் ட்ரோனில் ஒட்டிக்கொண்டு போகும் யோசனை வந்தால் அதை உடனே விட்டுவிடுங்கள். தொடர் இலக்கம் பார்த்த நிமிடமே அகப்படும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கலாம். 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது தடைசெய்யப்பட்டது. தடை பின்னர் தளர்ந்தாலும் பாதுகாப்பு அமைச்சின் கண் அதன் மேலிருந்து எடுபடவில்லை. அதனால் விமான சேவை அதிகாரிகளுக்கு எழுதும் கடிதத்தைப் பாதுகாப்புத் தரப்பில் ஒருவரும் வாசிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

சரி, இரவுக்கு வருவோம். பொது விதி பகல் வெளிச்சத்தில், வானம் தெளிவாக இருக்கும்போது, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் பறக்கவிடுவது. அதற்கு வெளியே எது செய்வதானாலும் சிவில் விமான சேவைப் பணிப்பாளர் நாயகத்திடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். இந்த அதிகாரமெல்லாம் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமான சேவைச் சட்டத்தின் கீழ் வருபவை. அலுவலகம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. படிவம், கட்டணம் எல்லாம் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் அன்று அவர்களுடைய இணையதளத்தில் இருப்பதையே பாருங்கள், போன வருஷம் யாரோ அனுப்பிய படிவத்தை நம்ப வேண்டாம். இன்னொன்று, நீங்கள் காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர். விண்ணப்பத்தில் "பொழுதுபோக்கு" என்று போடாதீர்கள். பிறகு அதே வீடியோ உங்கள் ஸ்டூடியோ பெயரோடு பேஸ்புக்கில் ஓடும்போது நீங்களே உங்களைக் காட்டிக்கொடுத்தது போலாகும்.

இனி கடிதம். நான் பார்த்த கடிதங்களில் பாதிக்கு மேல் காமன்கூத்தின் பெருமையைச் சொல்லித்தான் தொடங்கும். ரதி, மன்மதன், நம் பாட்டன் பூட்டன் கொண்டுவந்த கலை என்று ஒரு பக்கம் ஓடும். கடைசி வரியில் "ஆகவே ட்ரோன் பறக்க அனுமதி தரவும்" என்று முடியும். பெருமை உண்மைதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இருட்டில் இது கெட்டுப்போனால் எங்கே விழும், யார் மேல் விழும், அதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? உங்கள் கடிதம் அதற்குப் பதிலாக இருக்க வேண்டும். ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

"இணைத்துள்ள வரைபடத்தில் குறித்த இடத்திலிருந்து ட்ரோன் எழும், அங்கேயே இறங்கும். இரவு 10 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில், ஒவ்வொன்றும் 12 நிமிடத்துக்கு மேற்படாத இரண்டு பறப்புகள். வழமையான உயரம் எழும் இடத்திலிருந்து 40 மீற்றர். தொடர்பு அறுந்தால் தானாகத் திரும்பும் உயரம் 60 மீற்றர். கிடைத்தூரம் 80 மீற்றருக்குள். சனம் நிற்கும் இடத்துக்கு மேலாகப் பறக்காது. எழும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டப்படும். என்னோடு இரண்டு பார்வையாளர்கள் நிற்பார்கள். ஒருவர் ட்ரோனை மட்டும் பார்ப்பார், மற்றவர் சனத்தைப் பார்ப்பார். ட்ரோனில் மினுங்கும் வெள்ளை விளக்கு பொருத்தப்படும். மூடுபனி, மழை, மின்னல், பலத்த காற்று இருந்தால் பறப்பு நடக்காது."

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். நேரத்தை அகலமாகக் கேட்டு, பறப்பைச் சுருக்கமாகக் கேட்டிருக்கிறோம். காமன்கூத்து கடிகாரம் பார்த்து நடப்பதில்லை. 12 மணிக்கு என்று சொன்ன தகனம் கூத்து இழுபட்டு 3 மணிக்குப் போவதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. 12 முதல் 12.30 வரை மட்டும் அனுமதி வாங்கினால், கூத்தில் வீரபத்திரர் வந்து சேர்வதற்குள் உங்கள் அனுமதி முடிந்துவிடும். விளக்குக்கு ஓர் அளவு சொல்ல விரும்பினால், அமெரிக்காவில் இரவுப் பறப்புக்கு 3 மைல் தூரத்துக்குத் தெரியும் மோதல் தடுப்பு விளக்கு கேட்கிறார்கள். அந்தத் தரத்திலுள்ள ஸ்ட்ரோப் லைட் சில கிராம்தான் பாரம். அதன் விபரத்தாளை இணைத்தால் நீங்கள் யோசித்துச் செய்கிறீர்கள் என்று தெரியும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி எடுத்து அதன் பிரதியையும் வையுங்கள்.

கடிதத்தைத் தமிழில் எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாராளமாக எழுதலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ஆனால் காரியம் வேகமாக நடக்க வேண்டுமானால் தொழில்நுட்ப விபரங்களை மட்டும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் போட்டு இணைத்துவிடுங்கள். உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும், கோப்பு மேசைக்கு மேசை நகர்வதும் நமக்கு முக்கியம்.

கடிதத்தோடு ஊர்ப் பத்திரங்களும் போக வேண்டும். கோயில் கமிட்டியின் கடிதம் உங்களுக்குச் சுலபம். தோட்டத்துக் கடிதம்தான் சிலவேளை இழுக்கும். 1992இல் தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, மைதானமும் ரோட்டும் கம்பனியின் பொறுப்பிலுள்ள நிலம். துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) வாய்ச்சொல்லாக "சரி" வாங்கியது போதாது, கையொப்பமும் முத்திரையும் வேண்டும். பிரதேச பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கும் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரையும் விட்டுவிட வேண்டாம்.

வரைபடத்தில் உங்கள் இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தலவாக்கலைப் பக்கம் என்கிறீர்கள், மேல் கொத்மலை அணைக்கட்டு அங்கேதான் இருக்கிறது. 150 மெகாவாட் நீர்மின் திட்டம், 2012இலிருந்து இயங்குகிறது. அணை, மின்நிலையம், இராணுவ முகாம், பிதுருதலாகல உச்சி மாதிரியான இடங்களின் பக்கம் கெமராவைத் திருப்பினாலே கேள்வி வரும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர் விமானம் இறங்குவதுண்டு. ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம், நக்கிள்ஸ் மூன்றும் 2010இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருப்பவை. அங்கே வனஜீவராசிகள் திணைக்களமோ வனத் திணைக்களமோ தனியாக அனுமதி தர வேண்டும், அதுவும் இரவுக்கு என்றால் நான் முயற்சிகூடச் செய்யமாட்டேன்.

இனிச் சொல்லப்போவது மலைநாட்டில் பறக்கவிடுபவருக்கே உரிய தலையிடி. பத்திரமெல்லாம் சரியாக இருந்தும் ட்ரோன் மரத்தில் தொங்குவது இதனால்தான்.

திரையில் தெரியும் உயரம் நீங்கள் ட்ரோனை எழுப்பிய இடத்திலிருந்து அளந்த உயரம். ட்ரோனுக்குக் கீழே இருக்கும் நிலத்திலிருந்து அளந்ததல்ல. கொழும்பில் இரண்டும் ஒன்றுதான். நம் பக்கம் அப்படியில்லை. கோயில் முற்றத்திலிருந்து எழுப்புகிறீர்கள் என்று வையுங்கள். மேல் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முற்றத்தைவிட 25 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லயத்துக்குப் பக்கத்தில் 20 மீற்றர் வளர்ந்த சவுக்கு மரம் ஒன்று நிற்கிறது. மர உச்சி உங்கள் முற்றத்திலிருந்து 45 மீற்றர். திரையில் 40 என்று காட்டும், நீங்களும் நல்ல உயரத்தில் இருக்கிறோம் என்று நினைப்பீர்கள், ட்ரோன் நேரே கிளைக்குள் போகும். பகலில் என்றால் மரம் கண்ணுக்குத் தெரியும். இரவில் மரமும் மலையும் வானமும் எல்லாம் ஒரே கறுப்பு.

முன்னால் தடை இருந்தால் ட்ரோன் தானே நிற்குமே என்பீர்கள். அந்த உணரிகளில் பெரும்பாலானவை கெமராக்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் அவை குருடு. மெல்லிய மின்கம்பியைப் பகலிலேயே அவை சரியாகப் பிடிப்பதில்லை. கீழ்நோக்கிய கெமராவும் இருட்டில் தரையைக் காணாது, அதனால் இறங்கும் இடத்துக்கு மேலே ஒரு பல்ப் கட்டாயம் வேண்டும்.

தானாகத் திரும்பும் உயரத்தைக் கடிதத்தில் தனியாக எழுதச் சொன்னது இதனால்தான். ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் தொடர்பு அறுந்தால் அது நீங்கள் முன்பே வைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் எழுப்பிய இடத்துக்கு வரும். அந்த உயரம் 30 என்று இருந்தால் மேலே சொன்ன சவுக்கு மரத்தில் மோதும். 60 என்று வைத்தால் தப்பும். ஆனால் அனுமதியில் 40 என்று மட்டும் எழுதி வாங்கியிருந்தால், ட்ரோன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அந்த நிமிடத்திலேயே நீங்கள் விதியை மீறுவீர்கள். ஆகவே மரம், கம்பிகளை அளந்து, திரும்பும் உயரத்தை முடிவு செய்து, அதையே விண்ணப்பத்தில் கேளுங்கள். இன்னும் நல்லது, முற்றத்தை விட்டு மேல் ரோட்டிலிருந்து எழுப்புவது. அப்போது தடைகளில் பெரும்பகுதி உங்களுக்குக் கீழே போய்விடும்.

கூத்துத் தொடக்கமாகக் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து தகனம் வரை உங்களுக்குப் பல நாட்கள் கிடைக்கும். பகல் பறப்புக்குரிய அனுமதி கையில் இருந்தால் அந்த நாட்களில் ஒரு பகலில் அதே பாதையில் பறந்து பாருங்கள். எந்த மூலையில் கம்பி போகிறது, எந்த இடத்தில் சிக்னல் விழுகிறது என்று தாளில் குறித்து, இரவில் அந்தக் கோட்டைவிட்டு வெளியே போகாதீர்கள்.

மூடுபனியைப் பற்றி மலையில் பிறந்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ட்ரோனில் அதை முதலில் காட்டுவது விளக்குத்தான். வெறும் புள்ளியாக மினுங்கிய லைட்டைச் சுற்றி மங்கலான வளையம் தெரியத் தொடங்கினால் பனி இறங்குகிறது என்று அர்த்தம். அப்போதே இறக்குங்கள், இன்னும் ஒரு ஷொட் என்று நிற்காதீர்கள். அடுத்த நிமிடம் கண்ணாடியில் ஈரம் படியும், அதற்கடுத்து ட்ரோனையே காணமாட்டீர்கள். இந்தச் சின்ன ட்ரோன்களுக்கு நீர்த்தடுப்பு கிடையாது. குளிரில் பற்றரியும் சீக்கிரம் இறங்கும். பறக்கும் வரை அதைச் சட்டைக்குள் வைத்திருங்கள். எழுப்பியதும் ஒரு நிமிடம் பக்கத்திலேயே மிதக்கவிட்டு, பிறகு மேலே அனுப்புங்கள்.

தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினால் ட்ரோனின் சத்தமும் கேட்காது, பார்வையாளர் கத்துவதும் கேட்காது. அதனால் டோர்ச் லைட்டால் சைகை பேசி வையுங்கள்: ஒரு முறை காட்டினால் நில், விடாமல் ஆட்டினால் இறக்கு. ட்ரோனைப் பார்ப்பவர் அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே ஃபோன் திரையைப் பார்க்கக்கூடாது. இருட்டுக்குக் கண் பழக அவ்வளவு நேரம் எடுக்கும். அப்புறம், தீக்கு நேர் மேலே போகவே வேண்டாம். சூடான காற்று ட்ரோனைத் தூக்கி ஆட்டும், பொறி பறக்கும். பக்கவாட்டில் நின்று கெமராவைச் சரித்து எடுத்தால் படமும் நன்றாக வரும்.

இவ்வளவையும் வாசித்து மலைத்திருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், உங்கள் வேலைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளில் இரவு என்பது பொதுவாகச் சூரியன் மறைந்தவுடன் தொடங்குவதில்லை. மாலை அந்தி வெளிச்சம் முடியும்போதுதான் தொடங்குகிறது. நம் நாட்டில் அந்த அந்தி ஏறத்தாழ 20 நிமிடம். வானம் கருநீலமாக, லயத்து விளக்குகளெல்லாம் எரியத் தொடங்கியிருக்க, தேயிலை மலையின் கோடுகள் இன்னும் தெரியும் நேரம் அது. கெமராவில் நடு இரவைவிட அதுதான் இரவு மாதிரி இருக்கும். நடு இரவுப் படத்தில் ஒரு தீயும் சுற்றிலும் கறுப்பும்தான். இந்த 20 நிமிடத்தைத் தங்கள் பகல் விதிக்குள் எடுப்பார்களா என்று அதிகார சபையிடம் எழுத்தில் கேளுங்கள், அல்லது அந்த 20 நிமிடத்துக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். விடியற்காலை வரை பறக்கக் கேட்பதைவிட இது அவர்களுக்கும் இலேசான முடிவு. கம்பத்தையும் தோட்டத்தையும் அந்தியில் மேலிருந்து எடுத்து, தகனத்தைக் கீழே நின்று எடுத்து, இரண்டையும் வெட்டி ஒட்டினால் கமிட்டிக்குத் திருப்தி.

அனுமதி கிடைத்தால் அதன் பிரதியைச் சட்டைப் பையில் வையுங்கள், ஃபோனில் மட்டும் வைத்தால் பற்றரி இறங்கும் நேரம் பார்த்துத்தான் பொலிஸ் வரும். அன்று மாலை பொலிஸ் நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து நினைவுபடுத்துங்கள். யாராவது வந்து நிறுத்தச் சொன்னால் முதலில் ட்ரோனை இறக்குங்கள், பிறகு பத்திரத்தைக் காட்டுங்கள். ட்ரோன் மேலே நிற்க வாக்குவாதம் செய்யக்கூடாது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டாலும் அப்படித்தான், உடனே இறக்குங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைகள் சரிந்தபோது மீட்பு ஹெலிகொப்டர்கள் நம் பள்ளத்தாக்குகளில் தாழப் பறந்தன. அப்படியான நாட்களில் கையில் எந்த அனுமதி இருந்தாலும், அதிகாரிகள் கேட்டாலொழிய ட்ரோனைத் தொட வேண்டாம்.

எப்போது விண்ணப்பிப்பது? கூத்து நாளைக் கணக்கிட உதவும் மாசி அமாவாசை எப்போது என்று பஞ்சாங்கத்தில் இப்போதே இருக்கிறது. பதிவு வேலையை இந்த வாரமே தொடங்கி, இரவுக்கான கடிதத்தைத் தைப்பொங்கலுக்கு முன் அனுப்பிவிடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் கோப்பு இலக்கத்தைச் சொல்லி அழைத்துக் கேளுங்கள். ஃபோனில் யாராவது "பிரச்சினை இல்லை, எடுங்கள்" என்று சொன்னால் அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். தகனத்துக்கு முதல் நாள் வரை எழுத்தில் எதுவும் வரவில்லையென்றால் கமிட்டியிடம் நேரே சொல்லிவிட்டு, மேல் ரோட்டு வளைவில் கெமராவை ட்ரைபொட்டில் பூட்டுங்கள். முற்றத்துக்கு மேலே நல்ல உயரம் அங்கே சும்மாவே கிடைக்கிறது. மாலையிலேயே போய் இடம் பிடியுங்கள், இரவானால் அந்த வளைவில் சனம் ஏறி நிற்கும்.